எலிக் கருவும் சாய்ந்தமருது வீடும்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. காலை 6.40, உங்களுக்கு 11.10.
மொத்தம் 480 குழிகள். சரியாக வளர்ந்தவை 5.

அம்ஹா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போட்ட சட்டப்படி எழுதுகிறேன். போனில் நான் கத்துகிறேன், வொய்ஸ் அனுப்பினால் உங்கள் குசினி வரைக்கும் கேட்கிறது. ஆகவே நிக்காஹ் வரைக்கும் மின்னஞ்சலில் கடிதம், அதுவும் எழுதி ஒரு நாள் வைத்திருந்து திரும்ப வாசித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்றீர்கள். ஒரு மணித்தியாலம் வைத்திருந்தேன். ஒரு நாள் முடியாது.

மேலே உள்ள கணக்கு என் இந்தக் கிழமை வேலை. ஒரு தட்டில் 480 சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் எலியின் மூலக் கலங்களை, அதாவது ஸ்டெம் செல்களை, இட்டு, அவை தாமாகக் கூடிக் கரு மாதிரி ஒழுங்காகின்றனவா என்று பார்க்கிறேன். ஐந்து ஒழுங்காகின. நூற்றுக்கு ஒன்று. இந்தத் துறையில் இது வெட்கப்படும் கணக்கு இல்லை. ஆனால் எனக்குப் போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். மசூர் மாமா நேற்று ஊரிலிருந்து அழைத்தார். உம்மாவின் தம்பி என்று ஒருவர் இருந்தால் நல்ல செய்திக்கு அழைக்கவே மாட்டார். "கச்சிமுகம்மது காக்கா மாப்புள்ளட வேலயப் பத்தி யோசிக்கிறாரு மனே. யோசிச்சி முடிச்சித்தான் திகதி சொல்லுவாராம்" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமை கலியாணம் என்று பேசி, என் உம்மா கல்முனைக்குடி முழுக்கச் சொல்லி முடித்த பிறகு உங்கள் வாப்பா யோசிக்கிறார். என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜேர்மனியில் மாப்பிள்ளை ஆய்வுகூடத்தில் உயிர் படைக்கிறான், அல்லாஹ்வின் வேலையில் கை வைக்கிறான் என்று யாரோ போய் ஊதியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவருக்கு நான்கு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அச்செடுத்து வாசித்துக் காட்டுங்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இன்னொன்று. வீசா மூன்று மாதம் இழுக்கும். உங்கள் பாஸ்போட் பிரதியை உடனே அனுப்புங்கள்.

அஸ்கி

*

சாய்ந்தமருது
14.02.2025

அஸ்கி,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான்கு பக்கமும் வாசித்தேன். வாப்பாவுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இன்றைக்கு நீங்கள் எனக்கு யாரோ.

முதல் பக்கத்திலேயே 'அறியாமை' என்று மூன்று தரம் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய அறியாமை என்று சொல்லவில்லை. வாப்பா தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார், சரியாகத்தான் எடுத்துக்கொள்வார். இரண்டாம் பக்கத்தில் உள்ள வரைபடம் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கே இரண்டு தரம் பார்த்தால்தான் விளங்கியது. மூன்றாம் பக்கத்தில் எட்டு மேற்கோள் எண்கள் போட்டிருக்கிறீர்கள். பெண் கொடுக்கிற மனிசன் மேற்கோளைத் தேடிப் போய் வாசிப்பாரா? நூற்றுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி போட்டேன். என் வகுப்பில் இது சித்தியில்லை.

வாப்பா இப்போது வீட்டிலும் இல்லை. இறக்காமத்து வட்டையில் எங்கள் வயலில் நெல் வெட்டு நடக்கிறது. வெட்டு மெசின் வர மூன்று நாள் பிந்தியதில் யானை வந்து ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. மிச்சத்தைக் காக்க வயல் வாடியிலேயே படுக்கிறார். போன் எடுத்தால் முதலில் யானையைப் பற்றித்தான் சொல்கிறார், பிறகு எனக்குக் கட்டுகிற வீட்டைப் பற்றி: தரைக்குத் தைல்ஸ் வந்ததா, உடைசல் எத்தனை, மேசன் வந்தானா. உங்கள் பெயர் வர நேரமாகும்.

ஒரு பக்கம் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. எலி என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். என்ன செய்கிறீர்கள், எதற்காகச் செய்கிறீர்கள், அது எங்கே நிற்கிறது. வாப்பாவிடம் நேரே கதைக்கிற மாதிரி எழுதுங்கள். வழக்குப் பேசுகிற மாதிரி எழுதாதீர்கள்.

ஐந்து சரி என்றீர்களே, மற்ற நானூற்று எழுபத்தைந்துக்கும் என்ன நடந்தது? இது நான் கேட்கிற கேள்வி, வாப்பா இல்லை.

அம்ஹா

*

21.02.2025

அம்ஹா,

முப்பத்தெட்டு அநியாயம். இருந்தாலும் எழுதினேன். கீழே உள்ளதுதான் அந்த ஒரு பக்கம். அதிலும் குறைவு.

"மதிப்புக்குரிய மாமாவுக்கு. நான் செய்வது எலியின் கருவைப் பற்றிய வேலை. மனிதக் கரு இல்லை. எலியின் வயிற்றைக் கீறி எடுத்த கருவும் இல்லை. கருவைப் போல நடந்துகொள்கிற ஒரு மாதிரி.

கரு தாயின் வயிற்றில் போய் ஒட்டிய பிறகு சில நாட்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அந்த நாட்களில்தான் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், இதயம் எங்கே என்று எல்லாம் முடிவாகிறது. அங்கே பிழைத்தால் பிறகு திருத்த முடியாது. பெண்களுக்குக் கரு தங்காமல் போவதில் பெரும்பகுதி இப்படித் தொடக்கத்திலேயே போவதுதான். ஏன் என்று கேட்டால் டொக்டர்மாரிடம் பதில் இல்லை, ஏனென்றால் பார்த்தவர் இல்லை.

நாங்கள் மூன்று வகைக் கலங்களை ஒரு குழியில் ஒன்றாக விடுகிறோம். ஒன்று உடலாகப் போவது. ஒன்று தாயோடு ஒட்டும் பகுதியாகப் போவது. மூன்றாவது சுற்றியிருக்கும் உறை. அவை தாமாகவே ஒன்றையொன்று தேடிக் கூடி ஒழுங்காகின்றன. கண்ணாடிக்குள் நடப்பதால் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். எட்டு நாளோடு நின்றுவிடும். எலிக்குஞ்சு ஆகாது, ஆக்க யாராலும் முடியவும் இல்லை. நான் எதையும் படைக்கவில்லை. கலங்கள் கூடுவதைப் பார்த்து எழுதிவைக்கிறேன். அவ்வளவுதான்."

இனி உங்கள் கேள்வி. 475இல் பாதி வெறும் கட்டி. மீதியில் விஷயம் இருக்கிறது. கருவின் அடியில் சுமார் நாற்பது கலங்கள் ஒரு கூட்டமாகச் சேரும். அந்தக் கூட்டம் அடியிலிருந்து நகர்ந்து ஒரு பக்கமாக ஏற வேண்டும். அது ஏறி நிற்கிற பக்கம் தலை. எதிர்ப் பக்கம் வால். நகராவிட்டால் கருவுக்கு முன்பின் தெரியாது, உருண்டையாகவே கிடந்து செத்துப்போகும். என் குழிகளில் கூட்டம் சேர்கிறது, ஆனால் அடியிலேயே குந்திக்கொண்டிருக்கிறது. ஏன் நகரவில்லை என்பதுதான் என் முழு ஆராய்ச்சியும். ஒன்றரை வருஷமாகத் தெரியாது.

பாஸ்போட் பிரதி இன்னும் வரவில்லை. இரண்டாம் தரம் கேட்கிறேன்.

அஸ்கி

*

சாய்ந்தமருது
09.03.2025, நோன்பு எட்டு

அஸ்கி,

வாசித்துக் காட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெட்டு முடிந்து வாப்பா வந்துவிட்டார். நேற்று நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்தார். மசூர் மாமாவும் வந்திருந்தார், அவர் எந்த வீட்டுக் கஞ்சியையும் விடுவதில்லை. நான் உங்கள் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு கதவடியில் நின்று வாசித்தேன். வாப்பா கடைசி வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

"எலியா?" என்றார்.

"ஓம் வாப்பா. எலி."

"வட்டையில எலிய ஒழிக்க இவரு ஒரு வழி கண்டுபுடிச்சா சம்மாந்துறையில இரிந்து பொத்துவில் மட்டும் மாலை போடுவானுகள். இவரு எலிய வளக்கிறதுக்குப் படிச்சிரிக்காரு."

மசூர் மாமா உங்களைக் காப்பாற்றப் போனார். "இல்ல காக்கா, அது எட்டாம் நாளே மௌத்தாப் போயிருமாம்."

"அப்ப நல்ல வேலதான்," என்றார் வாப்பா.

உம்மா குசினிக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மார்க்கத்துக்குப் பிழையெண்டு யோசிக்கிறீங்களா வாப்பா?" என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்ன? பள்ளி ஹஸரத்திட்ட போன மாசமே கேட்டுட்டன். எலிதானே, நீ போய் வெள்ளாமயப் பாரு எண்டாரு."

"மறுகா என்னத்த யோசிச்ச?"

"வீட்ட யோசிச்சன் புள்ள. ரெண்டு வருசமாக் கட்டுறன். நிக்காஹ் முடிஞ்சி பத்து நாள்ல மாப்புள்ள உன்னக் கூட்டிக்கிட்டுப் பறந்தா அந்த வீட்டில ஆரு இரிக்கிற? பொண்ணுட வீடு பூட்டிக் கிடந்தா ஊர் என்ன சொல்லும்? புருசன் உட்டுட்டுப் போய்ட்டான் எண்டு சொல்லும். நான் கடைகடையா நிண்டு, இல்ல, அவ வெளிநாட்டில இரிக்கா எண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறதா?"

விளங்குதா அஸ்கி? நான்கு பக்கமும் பிறகு ஒரு பக்கமும் எழுதி நீங்கள் பதில் சொன்னது அவர் கேட்காத கேள்விக்கு. நம்முடைய ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா தம்பதிகளுக்கு வீடு கட்டவில்லை, மாப்பிள்ளை வந்து குடியிருக்க வீடு கட்டினார். இது கல்முனைக்குடிப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டிய பாடமா? உங்கள் வாப்பாவும் அப்படித்தானே உங்கள் உம்மா வீட்டுக்கு வந்தார். உங்கள் நாற்பது கலங்களைவிட எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் எவ்வளவோ மேல். நிக்காஹ் முடிந்த கையோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதுவரைக்கும் பகிடியாக எழுதினேன். இனிப் பகிடி இல்லை.

மசூர் மாமா எழும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "அம்ஹாக்கு வெளிநாடு போக விருப்பம்தானே. அஸ்கி சொன்னான்" என்றார். நான் எப்போது சொன்னேன்? எனக்கு நவம்பரில் ஏ.எல். எடுக்கிற இருபத்தேழு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூனில் நான் போனால் அவர்களுக்கு உயிரியலுக்கு ஆள் வரப்போவதில்லை. இது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. வாப்பாவுக்கு ஐந்து பக்கம் எழுதினீர்கள். இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் நீங்கள் கேட்டது ஒரு பாஸ்போட் பிரதி.

அம்ஹா

*

10.03.2025

அம்ஹா,

இதை ஒரு நிமிஷமும் வைத்திருக்காமல் அனுப்புகிறேன்.

வீடுதான் பிரச்சினை என்றால் அதை பெப்ரவரியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நான் மனதை வாசிக்கிற ஆள் இல்லை. எனக்கு இங்கே இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம் இருக்கிறது. கல்முனையில் இருந்து நான் என்ன செய்வது? கலம் வளர்க்கிற அடைகாப்பியை உங்கள் வாப்பா நெல்லுக் களஞ்சியத்திலா வைப்பார்? ஊர் கதைக்கும் என்று பயந்தால் ஊரில் மூச்சும் விட முடியாது.

பூட்டிக் கிடக்கக் கூடாதென்றால் வாடகைக்குக் கொடுங்கள். பிரச்சினை முடிந்தது.

அஸ்கி

*

13.03.2025

அஸ்கி,

'வாடகைக்கு' என்று நீங்கள் எழுதியதை வாப்பாவிடம் சொல்லவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின அன்று அவர் என்னைக் கூட்டிப்போய் முதல் கல்லை என் கையால் வைப்பித்தார். அதில் யாரோ ஒரு வங்கி மனேஜர் வந்து இருப்பாரா?

பெருநாள் வரைக்கும் எழுதாதீர்கள். நான் கோபமாக இல்லை. கோபமாக இல்லாமல் இருக்க எனக்கு நோன்பு வேண்டும்.

அம்ஹா

*

06.04.2025

அம்ஹா,

பெருநாள் முடிந்து ஆறு நாள். இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை எழுதினேன். இரண்டு நாள் வைத்திருந்தேன். வாசித்துவிட்டுப் பாதியை வெட்டினேன்.

வாடகை பற்றி எழுதியதை எடுத்துவிடுகிறேன். அது மடத்தனம். வீட்டைச் சுவரும் கூரையும் என்று நினைத்துக்கொண்டு எழுதியது. மன்னியுங்கள்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 475க்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் கேட்ட ஒரே ஆள் நீங்கள். கூட்டம் நகர்ந்துவிட்டது. போன தட்டில் முப்பத்தொன்றில் நகர்ந்தது. ஐந்திலிருந்து முப்பத்தொன்று. காரணம் சின்னது. உறையாகப் போகிற கலங்களை நான் கூடுதலாகப் போட்டுவந்தேன். கூடப் போட்டால் நகரச் சொல்லும் கட்டளை பலமாகப் போகும், கெதியாக நடக்கும் என்று என் கணக்கு. உண்மையில் அவை நெருக்கிக்கொண்டு நின்றதில் நகர இடம் இருக்கவில்லை. பாதியாகக் குறைத்தேன். குறைத்த மூன்றாம் நாள் கூட்டம் தானாக ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி, ஜனவரியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நிக்காஹுக்குப் பிறகு நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? எப்படி? என்னோடு இங்கே வர விருப்பமா, இல்லையா, எப்போது? எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்து மசூர் மாமாவிடம் சொல்லியும் இருக்கிறேன், அது பொய்ச் சாட்சிக்குச் சமன்.

விடை சொல்லமுன் என் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் விடையைத் திருப்புவதற்காக எழுதவில்லை. என் பேராசிரியையிடம் போய்க் கேட்டேன். இந்த முப்பத்தொன்றிலும் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் கலங்களை அடையாளமிட்டு, எது எந்த வேகத்தில் எங்கே போனது என்று கணிக்க வேண்டும். ஆறு மாத வேலை. அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு நல்ல கணினியும் ஓடுகிற இணையமும் போதும். "அதை எங்கிருந்தும் செய்யலாமே, நீ ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை?" என்றார். ஜூன் முதல் நவம்பர் முடியும் வரை சாய்ந்தமருதிலிருந்து செய்யலாம்.

பிறகு இரண்டரை வருஷம் நான் இங்கே நிற்க வேண்டும். அதில் மாற்றமில்லை. அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியாது.

நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதினாலும் நான் கத்த மாட்டேன். ஆனால் எழுதுங்கள்.

அஸ்கி

*

சாய்ந்தமருது
20.04.2025

அஸ்கி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான்கு தரம் வாசித்தேன். புள்ளி போடவில்லை. வேண்டுமென்றே இத்தனை நாள் எடுத்தேன், எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டுப் பழக்கமில்லாததால் விடை கைவசம் இருக்கவில்லை. தேட வேண்டியிருந்தது.

எனக்கு இரண்டும் வேண்டும். என் இருபத்தேழு பிள்ளைகளையும் பரீட்சை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டுத்தான் எந்த விமானத்திலும் ஏறுவேன். அதுவரைக்கும் என் வீட்டில், என் புருசனோடு, என் சாமான்களோடு இருக்க வேண்டும். பிறகு டிசம்பரில் வருவேன். சம்பளமற்ற லீவு எடுக்கலாமா என்று வலயக் கல்விக் கந்தோரில் விசாரித்துவிட்டேன்; எடுக்கலாம். ஆனால் உங்களுக்குச் சோறாக்க வரவில்லை. பாஷை படிப்பேன், பிறகு உங்கள் பல்கலைக்கழகத்திலோ பக்கத்திலோ மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பேன். அந்த நாற்பது கலங்கள் ஏறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். இருபது வயதிலிருந்து கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி கீறிக்கொண்டிருக்கிறேன், ஒரு தரமாவது அசைகிறதைப் பார்க்கிறேனே.

வீட்டுக்கு வழி சொன்னது தர்சிகா. எங்கள் பாடசாலையில் இரசாயனம் எடுக்கிறவ, ஊர் பாண்டிருப்பு. இரண்டு பேரும் ஒரே பிள்ளைகளுக்குத்தான் பின்னேர வகுப்பு எடுக்கிறோம், வாடகைக் கொட்டிலில், மழை பெய்தால் ஒரு பக்கம் முழுக்க நனையும். "வாப்பாட பிரச்சின வீடு பூட்டிக் கிடக்கிறதுதானே? அப்ப நீ போன பிறகு முன்மண்டபத்த எனக்குத் தா. பின்னேரம் ஐம்பது பொம்பிளப் பிள்ளையள் சைக்கிளில வந்து இறங்கினா எந்த ஊரடி சொல்லும் வீடு பூட்டிக் கிடக்கெண்டு?" என்றா. இரவுக்கு உம்மாவும் வாப்பாவும் அங்கே படுக்கலாம். பழைய வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளித்தானே.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். மசூர் மாமா மூலம் இல்லை. ஆறு மாதம் நீங்கள் இங்கே, பிறகு நாங்கள் அங்கே, வீட்டில் வகுப்பு. வாப்பா சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். நான் போச்சுது என்று நினைத்தேன். அரை மணி கழித்து மேசனையும் கூட்டிக்கொண்டு வந்து, புது வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறைக்குள் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்புள்ள கொம்பியூட்டர்ல வேல செய்யிறதெண்டா எத்தின பிளக் வேணும்?"

"தெரியா வாப்பா."

"கேட்டுச் சொல்லு. சுவர் பூசின பொறகு உடைக்க மாட்டன்."

திகதியை இன்னும் வாயால் சொல்லவில்லை. அதை உங்களிடம் நேரே கதைத்துத்தான் சொல்வாராம். அவருடைய போனில் வெளிநாட்டுக்கு அழைக்கத் தெரியாது. நான் அழுத்திக் கொடுப்பேன். அழைத்தால் எடுங்கள். கத்தாதீர்கள்.

ஒரு கேள்வி, வகுப்பிலிருந்து. உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். றஸ்னா என்று ஒருத்தி, கடைசி வாங்கில் இருக்கிறவள், வாய் திறக்காதவள், கை உயர்த்தி, "டீச்சர், அதை நிப்பாட்டுற நேரம் அதுக்கு நோகுமா?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அம்ஹா

*

2025 மே 11, ஞாயிறு. பகல் 2.15; உங்களுக்கு மாலை 5.45.
மொத்தம் 480. கூட்டம் நகர்ந்தவை 44. இதயம் துடித்தவை 3.

அம்ஹா,

அந்த மூன்றைப் பற்றி முதலில். கூட்டம் சரியாக ஏறியவற்றை எடுத்துச் சுழல்கிற போத்தல்களில் மாற்றி வளர்த்தோம். இன்று எட்டாம் நாள். மதியம் போத்தலைப் பார்த்தபோது ஒன்றில் ஏதோ துடித்தது. போத்தல் சுழல்வதில் வரும் அசைவு என்று நினைத்து நிறுத்திப் பார்த்தேன். நிறுத்திய பிறகும் துடித்தது. ஒரு எள்ளளவுகூட இல்லை, ஆனால் இதயம். தலைப் பக்கம் மடிப்பு விழுந்திருக்கிறது, அதற்குக் கீழே இதயம், சரியான இடத்தில். ஆய்வுகூடத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் தோளுக்கு மேலே ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் நான் ஒன்றும் பேசவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் சாட்சிக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள்.

றஸ்னாவுக்கு விடை: நோகாது. எட்டாம் நாளில் மூளைக்கு மடிப்பு மட்டும்தான் இருக்கிறது. நோவை உணர நரம்புகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட வேண்டும், அது இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எங்கள் நெறிமுறைக் குழுவும் இதைத்தான் முதலில் கேட்டது. அவளைக் கடைசி வாங்கிலிருந்து முன்னுக்கு எடுங்கள்.

உங்கள் வாப்பா நேற்று அழைத்தார். நீங்கள் அழுத்திக் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றிருப்பீர்கள், ஆகவே வாப்பாவின் பக்கம் மட்டும்தான் கேட்டிருக்கும். இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

"மனே, கச்சிமுகம்மது கதைக்கிறன்."

"சொல்லுங்க மாமா."

"ஆறு மாசம் இஞ்ச இரிப்பீங்களா?"

"ஓம் மாமா."

"மறுகா?"

"மறுகா நானும் அம்ஹாவும் இங்க வருவம். ரெண்டரை வருசம்."

"அதுக்கும் பொறகு?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று ஒப்புவித்திருப்பேன். "அது தெரியா மாமா" என்றேன்.

பிறகு, "ஜூன் பதினஞ்சு, ஞாயித்துக் கிழம. அஸர் தொழுதிட்டு பள்ளியில நிக்காஹ்" என்றார். நான் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லி முடிக்கவில்லை, "எத்தின பிளக் எண்டு நீங்க இன்னும் சொல்லல்லயே. மேசன் நிக்கான்" என்றார். நான் ஆறு என்றேன். "ஆறா? கரண்ட் பில் ஆரு கட்டுற?" என்றார். நான் கட்டுவேன் என்றேன். அதற்குத்தான் அவர் சிரித்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பின்னேரம்: மூன்று இதயங்களையும் காணொளி எடுத்து உங்களுக்கு அனுப்புவது. வகுப்பில் போட்டுக் காட்டலாம். வெளியில் பரப்ப வேண்டாம், இன்னும் பிரசுரிக்கவில்லை.

2. நாளை: படங்கள் எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டில் ஏற்றுவது. ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

3. செவ்வாய்: உம்மாவை அழைத்து, "மருமகள் ஜேர்மனிக்குப் போகிறா" என்று ஊரெல்லாம் சொன்னதை "மகன் சாய்ந்தமருதுக்குப் போகிறான்" என்று திருத்தச் சொல்வது. அவ அழுவா. கல்முனைக்குடியிலிருந்து ஒன்றரைக் கட்டை தூரம்தான் என்று சொல்லிப் பார்ப்பேன். அப்போதும் அழுவா.

4. புதன்: மசூர் மாமாவுக்கு நானே அழைத்துத் திகதி சொல்வது. அவர் எனக்குச் சொல்லமுன் நான் அவருக்குச் சொல்லும் முதல் செய்தி.

5. மே 28: கட்டுநாயக்கா விமான நிலையம். அங்கிருந்து இரவு பஸ்.

6. ஜூன் 16, காலை ஏழு மணி: சாறனும் பெனியனுமாகப் புது வீட்டு முன்கேற்றடியில் நின்று பல் விளக்குவது. தெருவால் போகிற ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி ஸலாம் சொல்வது. குறைந்தது அரை மணித்தியாலம். அவசரப்பட மாட்டேன்.

அஸ்கி